யாரைக் கேட்டு எடுப்பது? பல்லுயிர்ச் சட்டமும் ஊர்களின் சம்மதமும்

1987 டிசம்பரில், அகத்தியமலையின் கேரளச் சரிவில் ஓர் ஆய்வுக் குழு ஏறிக்கொண்டிருந்தது. பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுப்பதற்காக மத்திய அரசு நடத்திய அகில இந்தியத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தலைமை ஏற்றிருந்தவர் தாவரவியலாளர் புஷ்பாங்கதன். வழிகாட்டக் காணிப் பழங்குடி இளைஞர்கள் உடன் சென்றார்கள். ஆய்வாளர்கள் களைத்து உட்கார்ந்தபோதும் காணிகளின் நடையில் தளர்ச்சி இல்லை. அவ்வப்போது ஏதோ கருநிறக் காய்களை வாயிலிட்டு மென்றபடி நடந்தார்கள். அது எந்தச் செடியின் காய் என்று கேட்டதற்கு முதலில் பதில் இல்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத செய்தி அது. பலமுறை வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். தரையோடு வளரும் அந்தச் சிறு செடியை இன்று ஆரோக்கியப்பச்சை என்ற பெயரில் தாவரவியல் உலகம் அறியும்.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம், அச்செடியோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் அதைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுக் காலத்துக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதன்மேல் விற்பனையில் 2 விழுக்காடு. இரண்டிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதென்று நிறுவனம் முடிவுசெய்தது. 1997இல் காணிகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999இல் 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்குக்கு வந்தது.

அப்படித் தரச் சொல்லும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை. ஒரு பழங்குடியின் அறிவைப் பயன்படுத்தியவர்கள் அதன் வருவாயில் பங்கு கொடுத்தார்கள் என்பதால் காணிகளின் கதை உலக மாநாடுகளில் எல்லாம் எடுத்துச் சொல்லப்பட்டது. அந்தப் பாராட்டு தகுதியற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாநாடுகளில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. காணிகளிடையே மருத்துவம் பார்ப்பவர்கள் பிலாத்திகள். அவர்களில் சிலர் 1995இலேயே கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை எதிர்த்தார்கள். செடியைக் காட்டியவர்கள் இளைஞர்கள். அந்த அறிவைக் காத்துவந்தவர்கள் பிலாத்திகள். ஒப்பந்தம் செய்தவர்களோ பாலோட்டு நிறுவனமும் கோவை நிறுவனமும். செடியைப் பயிரிட்டு இலை பறித்து விற்கக் காணிகள் முனைந்தபோது வனத்துறை தடுத்தது. ஏனென்றால் காடு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது இன்னொரு சட்டம்.

ஒரு செடியையோ அதைப் பற்றிய அறிவையோ எடுக்க வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? யார் சரி என்றால் அது சம்மதம்? யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? 2002இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பல்லுயிர்ச் சட்டம் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வந்த சட்டம். முதல் கேள்விக்கு அது பாதி விடை சொன்னது. மற்ற இரண்டுக்கும் இன்றுவரை சொல்லவில்லை என்பதே என் வாதம்.

அதற்கு முன்பிருந்த சூழலியல் சட்டங்களை ஒரு பார்வை பார்த்தால் இச்சட்டத்தின் புதுமை விளங்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம், போபால் பேரழிவுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் எனக் கால் நூற்றாண்டுக்குள் ஒரு வரிசையே வந்துவிட்டது. 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் எழுதிவைத்தது. இச்சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மனநிலைதான். காப்பது அரசு, தடுக்கப்பட வேண்டியவர்கள் மற்ற எல்லோரும். காட்டில் தேன் எடுப்பவரும் காட்டை வெட்டி விற்பவரும் வனச் சட்டத்தின் கண்ணில் பல நேரங்களில் ஒன்றாகவே தெரிந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஓர் உயிரினத்தைப் பேணிய மக்களுக்கு அதன்மேல் ஏதோ ஓர் உரிமை உண்டு என்ற எண்ணத்துக்கு அச்சட்டங்களில் இடமில்லை.

அந்த எண்ணம் வெளியிலிருந்து வந்த அடியால்தான் தில்லிக்கு எட்டியது. 1995இல் புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. மாஷெல்கர் தலைமையில் இருந்த இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வழக்காடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. எதிர்ப்புக்கு ஆதாரமாகப் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் காட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு பாட்டிமார் குழைத்துப் பூசிய மஞ்சள், அச்சிட்ட தாள் இருந்ததால் தப்பித்தது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் பெற்றிருந்த காப்புரிமையை நீக்குவதற்கோ 2005 வரை போராட வேண்டியிருந்தது. மஞ்சள் வழக்குக்கு முன்பே, 1992இல் ரியோவில் பல்லுயிர் உடன்படிக்கை உருவாகியிருந்தது. உயிரினங்கள் மனிதகுலத்தின் பொதுச் சொத்து, யாரும் எடுக்கலாம் என்ற பழைய நிலையை மாற்றி, அவை அந்தந்த நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டவை என்றது அது. 1994இல் இந்தியா அதை ஏற்றது.

இப்படிப் பிறந்ததுதான் 2002ஆம் ஆண்டின் சட்டம். மூன்றடுக்கு அமைப்பு அதனுடையது. உச்சியில் தேசியப் பல்லுயிர் ஆணையம். 2003 அக்டோபரில் தொடங்கப்பட்ட அதன் தலைமையகம் தில்லியில் இல்லை, சென்னைத் தரமணியில் இருக்கிறது. நடுவில் மாநில வாரியங்கள். அடியில் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு. 2004இன் விதிகளின்படி இக்குழுவில் ஒரு தலைவரும் அதிகபட்சம் ஆறு உறுப்பினர்களும் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். மூலிகை தெரிந்தவர், மீன்பிடிப்பவர், மேய்ப்பவர், விதை காப்பவர் என்று ஊரில் உயிர்களோடு புழங்குகிறவர்கள் அமர வேண்டிய குழு அது. இந்தியச் சூழலியல் சட்டங்களில் இவர்களை அறிவுடையவர்கள் என்று ஏற்றுப் பேசும் சட்டம் இதற்குமுன் இல்லை. அந்த ஒன்றுக்காகவே இச்சட்டத்தின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

ஆனால் அந்தக் குழுவுக்குக் கொடுத்த அதிகாரம் என்ன? 2002இன் சட்டப்படி, வெளிநாட்டவரோ வெளிநாட்டுப் பங்கு கொண்ட நிறுவனமோ இங்குள்ள உயிர்வளத்தை எடுக்க வேண்டுமென்றால் தேசிய ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டியிருந்தது. இந்திய நிறுவனமாக இருந்தால் மாநில வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவித்தால் போதும். உள்ளூர் மக்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் அதுவும் தேவையில்லை. ஆணையமும் வாரியமும் முடிவெடுக்கும்போது ஊர்க் குழுவைக் ‘கலந்தாலோசிக்க’ வேண்டும் என்கிறது 41ஆவது பிரிவு. வணிகத்துக்காக எடுப்பவர்களிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமையும் குழுவுக்கு உண்டு. இவ்வளவுதான். குழு மறுத்தால் என்ன என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. கலந்தாலோசித்தோம், அவர்கள் மறுத்தார்கள், ஆனாலும் அனுமதித்தோம் என்று ஆணையம் கோப்பில் எழுதினால் அது சட்டமீறல் ஆகாது.

சம்மதத்துக்கு இடமில்லாத இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது. இச்சட்டத்தின் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வெற்றி, அன்று ஆந்திரத்தில் இருந்து இன்று தெலங்கானாவில் இருக்கும் அமரசிந்தா என்ற ஊருடையது. அங்கிருந்து வேப்பிலையைச் சேகரித்து ஜப்பானுக்கு அனுப்பிய நிறுவனம் ஒன்று ஆணையத்துக்கு 5 விழுக்காடு உரிமத்தொகை கட்டியது. அதிலிருந்து 20,000 ரூபாய் ஊரின் மேலாண்மைக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. வேப்பங்கன்று நடவும் விழிப்புணர்வுக்கும் அது செலவானது. தொகை சின்னதுதான். ஆனால் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போன பணம் என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. இலை எடுத்தவர் யார், எடுத்த ஊர் எது, பணம் பெற்ற குழு எது என்ற மூன்றும் அங்கே நேர்கோட்டில் இருந்தன.

மன்னார் வளைகுடாவில் கதை அவ்வளவு நேராக இல்லை. ராமநாதபுரம் கடலோரத்தில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் காப்பாபைக்கஸ் பாசியை பெப்சிகோ நிறுவனம் வாங்கி, சுமார் 2,000 டன் அளவுக்குத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. ஆணையத்துக்கு அது கட்டிய தொகை 40 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தொடக்க ஆண்டுகளில் ஆணையம் பெற்ற மிகப் பெரிய தொகைகளில் ஒன்று அது. பாசி வளர்த்த மக்களுக்கு அதில் பங்கு போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாசி இக்கடலில் பிறந்ததில்லை. பிலிப்பைன்ஸ் கடல்களைத் தாயகமாகக் கொண்ட அதை 1980களில் ஆய்வுக்காகவும் பிறகு தொழிலுக்காகவும் இங்கே கொண்டுவந்தார்கள். மிதவைகளிலிருந்து பிரிந்த துண்டுகள் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத் திட்டுகளின்மேல் படர்ந்து மூடுவதை 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தேசியக் கடல் பூங்காவின் பவளங்கள் அவை. பல்லுயிரைக் காக்கும் சட்டத்தின் கணக்கில் வரவாக ஏறிய தாவரம், பல்லுயிரின் கணக்கில் அழிவாக ஏறிக்கொண்டிருந்தது.

இதற்கு அந்தப் பெண்களைக் குறைசொல்வது அநியாயம். மீன்பிடியில் வருமானம் சுருங்கியபோது அவர்களுக்குக் காட்டப்பட்ட வழி அது. குறை சட்டத்தின் நோக்கில் இருக்கிறது. ஒரு நிறுவனம் வளத்தை எடுத்தால் எத்தனை விழுக்காடு தர வேண்டும் என்பதை 2014இன் வழிகாட்டு நெறிகள் நுணுக்கமாக வகுத்தன: ஆண்டு விற்பனை ஒரு கோடி வரை 0.1, மூன்று கோடி வரை 0.2, அதற்குமேல் 0.5. எடுப்பது தகுமா, எவ்வளவு எடுத்தால் அந்த இனம் தாங்கும், ஊர் என்ன நினைக்கிறது என்பவற்றுக்கு அப்படிப்பட்ட அளவுகோல் எதுவும் வகுக்கப்படவில்லை.

அந்த விழுக்காட்டையாவது இந்திய நிறுவனங்கள் கட்டினவா? தெரிவித்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது, பங்கு தரும் கடமை வெளிநாட்டாருக்கு மட்டுமே என்று பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். உத்தராகண்ட் வாரியம் திவ்யா பார்மசியிடம் பங்கு கேட்டபோது அந்நிறுவனம் இதே வாதத்தோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 டிசம்பர் 21 அன்று நீதிபதி சுதான்ஷு துலியா அதைத் தள்ளினார். உயிர்வளம் நாட்டுக்குச் சொந்தம் என்பதோடு, அதைத் தலைமுறைகளாகப் பேணிய உள்ளூர், பழங்குடிச் சமூகங்களுக்கும் அதில் உரிமை உண்டு. எடுப்பவர் இந்தியரா அந்நியரா என்பதால் அந்த உரிமை மாறாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களைவிட அதன் நோக்கத்தையும், இந்தியா கையெழுத்திட்ட உடன்படிக்கைகளையும் அத்தீர்ப்பு பெரிதாகக் கொண்டது. இச்சட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட தீர்ப்புகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அதே ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வேறொரு வழக்கு நடந்தது. சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலான ஊர்களில் மேலாண்மைக் குழுவே இல்லை என்பது முறையீடு. 2016இல் நாடு முழுவதும் இருந்த குழுக்கள் சுமார் 9,700. அவை எழுத வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் 1,388 மட்டுமே. 2020 ஜனவரி இறுதிக்குள் எல்லா ஊர்களிலும் முடிக்காவிட்டால் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் கெடு வைத்தது. கெடு வேலைசெய்தது. சில ஆண்டுகளில் குழுக்களின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. பதிவேடுகளும் ஏறத்தாழ அந்த எண்ணிக்கையை எட்டின.

இந்த எண்கள் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. பதிவேடு என்ற எண்ணத்தை 1990களில் வளர்த்தெடுத்த சூழலியலாளர் மாதவ் காட்கில், அதை ஊர் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் முயற்சியாகக் கண்டார். எந்தக் குளத்தில் எந்த மீன் காணாமல் போனது, எந்தச் செடி எந்த மேட்டில் மட்டும் முளைக்கிறது, அது எப்போதிலிருந்து குறைகிறது என்பதை ஊரார் சேர்ந்து பேசி, சண்டையிட்டு, பருவம் பருவமாக எழுத வேண்டிய ஏடு அது. அபராதத்துக்கு அஞ்சி மாதக் கணக்கில் லட்சக்கணக்கான ஏடுகளை நிரப்பும்போது அந்தப் பேச்சு நடந்திருக்க வழியில்லை. பக்கத்து ஊரின் பட்டியலையே இந்த ஊருக்கும் எழுதினால் கண்டுபிடிக்கவும் ஆள் இல்லை. எழுதியதால் வரும் ஆபத்து வேறு. வாய்வழியாக இருந்த மருந்தறிவு தாளுக்கு வந்துவிட்டால், அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்கும் வலு ஊருக்கு இருக்க வேண்டும். காணி இளைஞர்கள் முதலில் சொல்ல மறுத்தார்கள் அல்லவா, அந்த மறுப்புக்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் ஒதுக்கப்பட வேண்டும்.

திவ்யா பார்மசி தீர்ப்பு வந்த மூன்று ஆண்டுகளில், 2021 டிசம்பரில், சட்டத்தைத் திருத்தும் மசோதா மக்களவைக்கு வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவைக் கடந்து 2023 ஆகஸ்டில் சட்டமாகி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆயுஷ் மருத்துவத் துறையை ஊக்குவிப்பதும் தொழில் தொடங்குவதை எளிதாக்குவதும் அரசு சொன்ன காரணங்களில் அடங்கும். முன்பு ஐந்தாண்டுவரை சிறை என்றிருந்த தண்டனை எடுக்கப்பட்டு, ஒரு லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் வைக்கப்பட்டது; விதிப்பவர் நீதிமன்றம் அல்ல, ஓர் அரசு அதிகாரி. வெளிநாட்டுப் பங்கு சிறிதளவு இருந்தாலே முன் அனுமதி என்றிருந்தது, வெளிநாட்டவரின் கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டும் என்று குறுகியது. பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கு விலக்கு. நூல்களில் ஏறிய மரபறிவுக்கும் விலக்கு.

சிறைத் தண்டனை போனதற்காக நான் வருந்தவில்லை. அது பெரும்பாலும் தாளில் இருந்த தண்டனை. உள்ளூர்க் கத்தரி ரகங்களை அனுமதியின்றி எடுத்து மரபணு மாற்றினார்கள் என்று 2010இல் எழுந்த புகாரில், பெயர்பெற்ற விதை நிறுவனங்களும் வேளாண் பல்கலைக்கழகங்களும் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில்கூட, யாரும் சிறைக்குப் போனதாக வரலாறு இல்லை. என்னை உறுத்துவது நூலறிவுக்குத் தந்த விலக்குதான். மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலிருந்து எடுத்த அறிவு என்றால் யாருக்கும் பங்கு தர வேண்டாம் என்கிறது திருத்தம். அந்நூல்களில் உள்ளவை எங்கிருந்து வந்தன? மலையிலும் வயல் வரப்பிலும் கடற்கரையிலும் வாழ்ந்தவர்கள் கண்டறிந்ததை யாரோ ஒருவர் பாடலாகக் கட்டினார், பிறகு யாரோ ஒருவர் அச்சிட்டார். நூலாகிவிட்டதால் அறிவுக்கு உரியவர் மறைந்துபோனார் என்று கொண்டாலும், செடி இன்னும் மலையில்தானே இருக்கிறது? இந்திய மூலிகைச் சந்தையைப் பற்றித் தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக நடந்து 2017இல் வெளியான ஆய்வு, 1,178 தாவர இனங்கள் வணிகத்தில் இருப்பதையும், அவற்றில் 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பனையாவதையும் காட்டியது. அவற்றில் கணிசமானவை இன்றும் காட்டிலிருந்து பிடுங்கப்படுபவை. சூத்திரம் நூலில் இருக்கலாம். வேர் காட்டில் இருக்கிறது. வேரைப் பிடுங்குவதற்கும் சூத்திரத்தைப் படிப்பதற்கும் ஒரே விலக்கைத் தருவது பல்லுயிர்ச் சட்டத்தின் வேலை அல்ல.

2025இல் வந்த புதிய ஒழுங்குமுறை, ஆண்டு விற்பனை 5 கோடி வரையுள்ள நிறுவனங்களைப் பங்கு தருவதிலிருந்து விடுவித்து, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 0.2 முதல் 0.6 விழுக்காடு வரை வைத்திருக்கிறது. சிறு தொழில்களுக்கு அது உதவக்கூடும். மறுபடியும் பேச்சு விழுக்காட்டைப் பற்றியதே என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சம்மதம் என்ற சொல் சட்டத்தில் இல்லாததன் முழு விளைவையும் தமிழ்நாடு பார்த்தது மேலூர் வட்டாரத்தில்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் இருக்கும் அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு குன்றுகள். பாறைகளில் வழியும் நீரால் ஊறும் சுனைகள், அவற்றிலிருந்து நிறையும் ஏரிகள், குளங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகளும் சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் அக்குன்றுகளில் உள்ளன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட சுமார் 250 பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் உண்டு. கிரானைட் வெட்டுக்கு எதிராக இந்த வட்டாரத்து மக்கள் முன்பே போராடிக் காத்த குன்றுகள் இவை. 2022 நவம்பர் 22 அன்று தமிழ்நாடு அரசு, பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்கீழ் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் தலம் அது.

சரியாக இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், 2024 நவம்பர் 7 அன்று, மத்தியச் சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவை வெளியிட்டது. ஏலம் எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க். தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர், பாரம்பரியத் தலம் அதற்குள் அடங்கியிருந்தது. 2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு சட்டத்தால் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை இன்னொரு சட்டத்தால் ஏலம் விட முடிந்தது எப்படி? இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் வியப்பு போய்விடும். வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தில் வாழிடத்தை அழிக்க வேண்டுமென்றால் 29ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவில் அப்படி எதுவும் இல்லை. உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு தலத்தை அறிவிக்கலாம். மத்திய அரசைக் கலந்து மேலாண்மைக்கு விதி வகுக்கலாம். அறிவிப்பால் பொருளாதார இழப்பு அடைவோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும். சுரங்கம் கூடாது என்ற வரி கிடையாது. ஊர் மக்களின் வழக்கமான பயன்பாட்டைத் தடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் இப்பிரிவு மென்மையாக எழுதப்பட்டது. ஆடு மேய்ப்பவருக்காகக் காட்டிய அந்த மென்மை சுரங்கத்துக்கும் கிடைத்துவிட்டது.

எதிர்ப்பு பரவியதும் 2024 டிசம்பர் 24 அன்று அமைச்சகம் ஒரு வழி சொன்னது: பாரம்பரியத் தலம் உள்ள பகுதியை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பார்க்கும். இதை நியாயமான சமரசம் என்று நினைத்தவர்களும் உண்டு. 193 ஹெக்டேரை வெட்டியெடுத்தாலும் மிச்சம் 1,800 ஹெக்டேருக்கு மேல். அந்த மிச்சத்தில்தான் குன்றுகளின் நீர் வந்து சேரும் கண்மாய்களும் அவற்றை நம்பிய வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. குன்றை விட்டுவிட்டுக் கண்மாயைத் தோண்டினால் குன்றில் வாழும் பறவை எதைத் தின்னும்? வரைபடத்தில் கோடு போட்டுப் பாதுகாக்கும் முறையின் குறை இது. ஊர் மக்கள் அதை உடனே கண்டுகொண்டார்கள், சமரசத்தை ஏற்கவில்லை. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்றே எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதும் ரத்தானது.

வெற்றிதான். ஆனால் எதன் வெற்றி என்று பார்க்க வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் அந்த ஏலத்தை நிறுத்தவில்லை. மக்கள் கையில் ஏந்திப் பேச ஓர் அரசாணையை அது கொடுத்தது. அந்த உதவியைக் குறைத்து மதிப்பிட முடியாது. நிறுத்தியது மக்கள் திரள். இவ்வளவு பெரிய ஊர்த்திரளும் மாநகரும் அருகில் இல்லாத மலைகளுக்கும் தீவுகளுக்கும் அந்த வழி திறந்திருக்காது. மேலும் 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் உள்ள கனிமம். அதாவது இன்னொரு நாயக்கர்பட்டி வந்தால், ஊரைக் கேட்கச் சொல்லும் அந்தக் கட்டாயமும் இப்போது இல்லை.

அரிட்டாபட்டிக்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில்காடும், ஈரோடு மாவட்டம் எலத்தூர் ஏரியும் 2025இல் பாரம்பரியத் தலங்களாகியிருக்கின்றன. காசம்பட்டியின் பரப்பு 4.97 ஹெக்டேர்தான். இப்படிச் சின்னச் சின்னத் தலங்களை அறிவிப்பது நல்லது. இன்னும் பல ஊர்க் கோயில்காடுகள் காத்திருக்கின்றன. ஆனால் அறிவிப்போடு நிற்காமல் 37ஆவது பிரிவு தரும் விதி வகுக்கும் அதிகாரத்தைத் தமிழ்நாடு முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். தலத்தின் எல்லைக்கு உள்ளே மட்டுமல்ல, அதற்கு நீர் தரும், அதிலிருந்து நீர் பெறும் நிலங்களிலும் எந்தத் திட்டத்துக்கும் மேலாண்மைக் குழுவின் கருத்து எழுத்தில் கேட்கப்பட வேண்டும். குழு மறுத்தால் அந்த மறுப்பைத் தாண்டிப் போவதற்கான காரணத்தை அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த எழுத்தின்மேல் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட வழி இருக்க வேண்டும். மாநில விதியால் மத்திய அரசின் கனிம ஏலத்தை நேரடியாகத் தடுக்க முடியாது என்பது உண்மை. ஊரின் மறுப்பு ஒரு சட்ட ஆவணமாக இருந்தால், அதைப் படிக்காமல் எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுத முடியாது என்பதும் உண்மை.

2024இல் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் தேதி நடக்கும் உள்ளாட்சி நாள் கிராம சபைக் கூட்டம், தீபாவளியை ஒட்டி அந்த ஆண்டு நவம்பர் 23க்குத் தள்ளிப்போனது. ஏல முடிவு வந்தது நவம்பர் 7. தேதி தள்ளிப்போயிராவிட்டால், சுரங்கச் செய்தி ஊருக்குத் தெரிவதற்கு முன்பே கூட்டம் முடிந்திருக்கும். தள்ளிப்போனதால் அரிட்டாபட்டி மக்கள் தங்கள் கிராம சபையில் கூடி, சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுத முடிந்தது. தற்செயலாக வாய்த்த அந்தக் கூட்டத்தை, ஏலத்துக்கு முன்பே கட்டாயம் நடக்க வேண்டிய கூட்டமாகச் சட்டத்தில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.